‘கத்துற அம்மா’ ஃபோல்டர்

“யாருங்க இதுல கை வெச்சது?”

ஆல்பம் அக்கா கேட்டது கேள்வியே இல்லை. அப்போது வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்தவர் சமையலறை வாசலில் டீத் தம்ளருடன் நின்று, பாராட்டு வரப்போகிறது என்று நினைத்துச் சிரித்தார்.

“நல்லாயிருக்கா? நேத்து ராத்திரி பூரா உக்காந்து அடுக்கினேன்.”

கம்ப்யூட்டர் திரை முழுக்கக் கேள்விக்குறிகள். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஒன்று. இடது ஓரத்தில் இருந்த ஃபோல்டர் பெயர்களெல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தன.

தெருவில் எல்லாருக்கும் அவள் ஆல்பம் அக்கா. போட்டோகிராபர்கள் கல்யாணத்தில் எடுத்துத் தள்ளும் இரண்டாயிரம் மூவாயிரம் படங்களை வாங்கி, தேறுவதைப் பொறுக்கி, நட்சத்திரம் போட்டு, வெளிச்சம் சரிசெய்து, வேண்டாத ஓரத்தை வெட்டி, ஆல்பமாக்கிக் கொடுப்பது அவள் தொழில். முன்னறைதான் ஆபீஸ். கணவர் ஒரு மருந்துக் கம்பெனி குடோனுக்குப் பொறுப்பாளர். வருஷத்துக்கு ஒரு வாரம் லீவு எடுப்பார். அந்த ஒரு வாரமும் வீடுதான் குடோன். திங்கள்கிழமை செருப்பு ஸ்டாண்டை அடுக்கினார். செவ்வாய்க்கிழமை துணி அலமாரி. நேற்று அவளுடைய ஹார்ட் டிஸ்க்.

“நீ வெச்சதெல்லாம் ஒரு பேரா? ‘நொச்சுப் பார்ட்டி’, ‘பல்லு மாப்பிள்ளை’, ‘கத்துற அம்மா’! அந்த அம்மாவே இன்னைக்குப் பதினோரு மணிக்கு வருதுன்னு சொன்னியே. ஸ்கிரீன்ல பாத்தா மானம் போயிடாது? அதான் கண்ணியமா ‘கல்யாணம் 1’, ‘கல்யாணம் 2’ன்னு மாத்திட்டேன். மொத்தம் முப்பத்தேழு.”

“எந்த வரிசையில?”

“சைஸ் வரிசையில. பெருசு முதல்ல. குடோன்ல அப்படித்தான்.”

“பழைய பேரு எது, புதுப் பேரு எதுன்னு எழுதி வெச்சீங்களா?”

“வெக்காம இருப்பேனா? தனியா ஒரு ஃபைல்ல எழுதினேன்.”

“அந்த ஃபைல் எங்க?”

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். “அதுக்கும் பேர் மாத்தினேன்னு நினைக்கிறேன்.”

அவள் மவுஸைத் தூக்கி மேஜையில் அடித்தாள். அதன் அடியில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு ஒரு நொடி அணைந்து, பயந்தபடி மறுபடியும் எரிந்தது.

“இந்த சாப்ட்வேருக்குக் கண்ணு கிடையாதுங்க! எந்தப் படம் எங்க இருக்குன்னு விலாசம் மட்டும் எழுதி வெச்சுக்கும். ராத்திரியோட ராத்திரியா வீட்டு நம்பரை மாத்திட்டா தபால்காரர் என்ன பண்ணுவார்?”

“பக்கத்து வீட்ல கேப்பார்.”

“இது கேக்காது!”

மணி ஒன்பதே கால். மூன்று வாரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு, அந்த அம்மாவின் மகள் கல்யாணத்தில் நூற்றிருபது படங்களைத் தேர்ந்து வைத்திருந்தாள். ஏற்கெனவே இரண்டு தடவை தேதி தள்ளிப்போட்டாயிற்று. இரண்டாம் தடவை போனில் அந்த அம்மா கத்திய கத்தலில்தான் ஃபோல்டருக்கு அந்தப் பெயரே வந்தது.

“நானே பழையபடி மாத்திடறேன், நகரு,” என்றார் கணவர்.

நகர்ந்தாள். அதுதான் முதல் தப்பு. அவர் ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாக அடித்தார். அரை மணி நேரம் போனது. ஒரு கேள்விக்குறிகூட அசையவில்லை. அவள் குனிந்து பார்த்தாள். ‘நொச்சி பார்ட்டி’. ‘பல் மாப்பிள்ளை’. ‘கத்துர அம்மா’.

“பெரிய ‘ற’ போடணுங்க!”

“ஒரு ‘ர’வுக்கா இந்தக் குதி குதிக்கிறே?”

“நான் குதிக்கலை. இது குதிக்குது. ஒரு எழுத்து மாறினாலும் இதுக்கு அது வேற வீடு!”

“அப்ப உன் சாப்ட்வேர் சரியில்லை.”

“மாத்துற வரைக்கும் சரியாத்தான் இருந்துச்சு!”

அவர் கோபித்துக்கொண்டு, திருத்தியதையெல்லாம் மறுபடியும் ‘கல்யாணம் 1’, ‘கல்யாணம் 2’ என்றே மாற்றிவிட்டு எழுந்தார். இந்தத் தடவை வரிசையும் அதே வரிசையா என்பது அவருக்கே வெளிச்சம்.

வெளியூரில் படிக்கும் மகளுக்குப் போன் போட்டாள்.

“அம்மா, பதறாதே. படமெல்லாம் டிஸ்க்ல பத்திரமா இருக்கும். ஃபோல்டர் பேர் மேல ரைட் கிளிக் பண்ணு. ‘காணாமல் போனவற்றை நீக்கு’ன்னு ஒண்ணு வரும் பாரு...”

“வந்துச்சு. அமுக்கிட்டேன்.”

“...அதை மட்டும் தொட்டுடாதேன்னு சொல்ல வந்தேன்.”

‘நொச்சுப் பார்ட்டி’ திரையிலிருந்து மறைந்தது. நட்சத்திரம், வெட்டு, வெளிச்சம், ஒரு மாத உழைப்பு, எல்லாம் சேர்ந்து போனது.

“முழுசாச் சொல்லித் தொலைக்கறதுக்கு என்னடி?”

“நீ முழுசாக் கேளேன்மா! அதுக்குக் கீழே ‘ஃபோல்டரைத் தேடு’ன்னு இருக்கா? அதைக் குடுத்து, சரியான ஃபோல்டரைக் காட்டு. சேத்துக்கும். எனக்கு கிளாஸ் இருக்கு, வெச்சிடறேன்.”

சரியான ஃபோல்டர் எது என்பதுதானே சிக்கல். கணவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“பதினாலுன்னு நினைக்கிறேன்.”

“நினைக்கிறீங்களா, தெரியுமா?”

“ரெண்டாயிரத்து சொச்சம் படம் இருந்துச்சு. அந்த சைஸ்ல பதினாலுதான்.”

பதினாலைக் காட்டினாள். திரை ஒரு சுற்றுச் சுற்றியது. நூற்றிருபது கேள்விக்குறிகளும் ஒரே சமயத்தில் காணாமல் போயின. குட்டிக் குட்டிப் படங்களில் அதே மணப்பெண், அதே மேடை, அதே கத்துற அம்மா. போதாததற்கு ஃபோல்டரின் பெயரும் ‘கல்யாணம் 14’ என்று தானாக மாறிக்கொண்டது.

“பாத்தியா, எவ்வளவு கண்ணியமா இருக்கு,” என்றார் கணவர்.

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது காலிங் பெல் அடித்தது.

அந்த அம்மா நாற்காலியில் உட்காரும் முன்பே ஆரம்பித்தாள். “கல்யாணம் முடிஞ்சு அஞ்சு மாசம். பொண்ணு கேக்கிறா, சம்பந்தி வீட்ல கேக்கிறாங்க. ஒரு ஆல்பத்துக்கு இத்தனை நாளா? இன்னைக்கும் ஏதாவது சாக்கு சொன்னீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

கூட அவளுடைய தம்பி வந்திருந்தார், பெண்ணுக்குத் தாய்மாமன். அக்காவுடன் ஐம்பது வருஷம் பழகியவர் என்பது அவருடைய அமைதியிலேயே தெரிந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரைக்கு நேராக உட்கார்ந்தார்.

“எல்லாம் தயாரா இருக்கும்மா. பெருசாக் காட்டறேன், பாருங்க,” என்று ஆல்பம் அக்கா முதல் படத்தைத் திறந்தாள்.

திரை நிறைய ஒரு மணப்பெண் சிரித்தாள். கன்னத்தில் குழி. வலப் புருவத்துக்கு மேல் ஒரு மச்சம். இதற்குமுன் யாரும் பார்த்திராத பெண். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைக்குத் தலை இல்லை. கழுத்தோடு வெட்டுப்பட்டிருந்தது.

“யாரிது?” என்றாள் அந்த அம்மா.

அடுத்த படம். அதே பெண். மாப்பிள்ளைக்கு இப்போது தோள் மட்டும். அதற்கடுத்ததில் அவள் கறுப்பு வெள்ளையில் யாரோ ஒருவரின் முழங்கையைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆல்பம் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. எந்தக் கேமராவும் முதல் படத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்றுதான் நம்பர் போடும். நம்பர் ஒத்துப்போனதால் சாப்ட்வேர் வேறு ஏதோ கல்யாணத்தைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. குட்டிப் படங்கள் அது பழைய ஞாபகத்தில் காட்டியவை. பெரிதாகத் திறந்ததும் நிஜம் வந்துவிட்டது. அந்த அம்மாவின் மகளுக்கென்று மூன்று வாரம் பார்த்துப் பார்த்து அவள் செய்த வெட்டெல்லாம் இந்தப் பெண்ணின் படங்களில் விழுந்து, மாப்பிள்ளையின் தலையை வாங்கிக்கொண்டிருந்தது.

“ஏங்க, பதினாலு என்னது?” பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

“போன வாரம் வெளியூர் போட்டோகிராபர் ஒருத்தர் டிஸ்க் அனுப்பினாரே, நீகூட இன்னும் திறந்தே பாக்கலையே, நான்தான் உள்ள ஏத்தி வெச்சேன், அதுவா இருக்குமோ?”

“இருக்குமோவா!”

“என்னங்க நடக்குது இங்க?” அந்த அம்மா எழுந்தேவிட்டாள். குரல் தெருக்கோடி வரை போனது. “என் பொண்ணு கல்யாணப் படத்தைக் கேட்டா ஊர்ல எவளோ ஒருத்தி கல்யாணத்தைக் காட்டறீங்க? என் பொண்ணு எங்க? எங்க என் பொண்ணு?”

“அம்மா, மன்னிச்சிடுங்க, பேரெல்லாம் மாறிப் போச்சு, இவர்தான்...”

“நான் உன் நல்லதுக்குத்தான்...” என்றார் கணவர்.

“நீங்க பேசாதீங்க!” இரண்டு பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஆல்பம் அக்கா அவசரத்தில் எதையோ அமுக்க, படங்கள் மளமளவென்று ஓடி ஒன்றில் வந்து நின்றன. வெட்டுப்படாத படம். மணமக்கள் இருவரும் முழுசாக, கைகோத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். மூலையில் தேதிகூட இருந்தது. போன மாதத் தேதி.

“இதோ மூடிடறேம்மா, ஒரே நிமிஷம்,” என்று அவள் மவுஸைத் தேடினாள்.

அதுவரை வாயே திறக்காத தாய்மாமன் எட்டி அவள் கையைத் தடுத்தார்.

“மூடாதீங்கம்மா,” என்றார். “பொண்ணுதான் வேற. மாப்பிள்ளை எங்க மாப்பிள்ளையேதான்.”