மலேசிய அட்டையும் மஞ்சள் டீ-சர்ட்டும்

இந்த ஆடிக் கிருத்திகைக்கு நான் திருத்தணியில் இருக்கப்போவதில்லை. இந்தியாவிலேயே இருக்கப்போவதில்லை!

இப்படி முடிவெடுத்து, அடுப்படி வாசலில் நின்று உரக்கவே சொன்னேன். எனக்கு அவ்வளவு கோபம்.

யார்மேல் என்கிறீர்களா? என் மனைவி அனுசுயாமேல். எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் ஒரு காரியம் செய்தாள். "என் புருஷன் பொழைச்சி எழுந்தா உன் மலைக்குக் காவடி எடுப்பாரு" என்று முருகனிடம் வேண்டிக்கொண்டாள். கவனியுங்கள், 'எடுப்பேன்' இல்லை, 'எடுப்பாரு'! வாய் கொடுத்தது அவள், தோள் கொடுக்க வேண்டியது நான். ஜுரத்தில் கிடந்தவனை ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்கவில்லை.

நான் பிறந்தது, வளர்ந்தது, பெயிண்ட் கடை வைத்திருப்பது எல்லாம் இந்த மலையடிவாரத்தில்தான். ஆனாலும் மலை உச்சி வரை வண்டி போகிற ஊரில் எவன் படியேறுவான்? அதனால் ஆடி பிறந்ததும் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். கிருத்திகை முடிந்த மறுநாள் விட்டுவிடும். போன வருஷமும் இப்படித்தான் தப்பித்தேன், அதற்கு முந்தின வருஷமும் இப்படித்தான். இந்த வருஷம் அவள் பார்வையே சரியில்லை. தைலம் தேய்க்கும்போது வலிக்காத இடத்தில் அழுத்தி, "இங்கியா? இங்கியா?" என்று போலீஸ் மாதிரி விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அப்போதுதான் போனில் அந்த வீடியோவைப் பார்த்தேன். மலேசிய மலைமேல் மழைக்காடு. முதுகில் ஒரு பை. எதிரே மேகம். பின்னால் மனைவி இல்லை. சொர்க்கம்!

"இன்னாங்க திடீர்னு மலேசியா?"

"காட்டுல நடக்கப் போறேன். மலை ஏறப் போறேன்."

"நம்மூர்லயே மலை கீதே?"

"இதெல்லாம் ஒரு மலையாடி? அங்க மேகம் காலுக்குக் கீழ போவும்."

"இடுப்பு?"

"அது... அந்தக் காத்து இடுப்புக்கு நல்லதாம்."

சண்டை போடுவாள் என்று பதிலோடு தயாராக நின்றேன். அவள் குழம்பை இறக்கி வைத்துவிட்டு, "ஆங், போலாங்க. நானும் வரேன்" என்றாள்.

நான் அவசரமாகக் கையை ஆட்டினேன். "அட்டை கீதுடி அங்க! கால்ல ஏறி ரத்தம் குடிக்கும்!"

"உங்களோட இத்தினி வருஷம் குடும்பம் நட்த்திகினு கீறேன். அட்டை இன்னா பண்ணிடும்?"

சரி, அவள் வந்தாலும் கிருத்திகையன்று ஊரில் இல்லை என்றால் காவடி இல்லை. அது போதும் என்று விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டு ரஞ்சிதத்தின் அக்காவை மலேசியாவில் கொடுத்திருந்தார்கள். அக்கா புருஷன் பெருமாளுக்கு வேலையே வெளியூர்க்காரர்களைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போவதுதான். அன்று மாலையே ரஞ்சிதம் காம்பவுண்டு சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"அண்ணா, பெருமாள் பாவா சொன்னாரு. கறி துன்றவங்க ரத்தம்னா அட்டைக்கு உசுராம். மோப்பம் புடிச்சிகினு வருமாம்."

அன்றோடு எங்கள் வீட்டில் கறி நின்றது. மீனும் முட்டையும் நின்றன. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி நின்றபோது என் இதயமே ஒரு நிமிஷம் நின்றது.

அப்புறம் பயிற்சி. காட்டில் ஏது கட்டில்? பாய்தான் என்றாள் அனுசுயா. காட்டில் ஏது ஹீட்டர்? விடியற்காலையில் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். பாதம் உரமேற வேண்டுமாம். செருப்பை ஒளித்து வைத்துவிட்டு, வெயிலில் மொட்டைமாடியைச் சுற்றச் சொன்னாள். முகத்தில் கொசு உட்காராமலிருக்க தாடி! நானும் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாம் செய்தேன். காவடியிலிருந்து தப்பிக்க என் மனைவியே எனக்குப் பயிற்சி கொடுக்கிறாளே என்று உள்ளுக்குள் ஒரே கும்மாளம்.

கிளம்பும்போது எனக்கு ஒரு மஞ்சள் டீ-சர்ட் கொடுத்தாள். இரண்டு பைகளுக்கும் மஞ்சள் துணியில் உறை தைத்து மாட்டினாள்.

"அட்டைக்கு மஞ்சள்னா ஆவாதாம்."

நான் பெயிண்ட் கடைக்காரன். மஞ்சளில் எத்தனை வகை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அந்தத் துணியைத் தடவிப் பார்த்து, "கோல்டன் யெல்லோ, நல்ல ஷேடு" என்று மார்க் வேறு போட்டேன். மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை.

காடு வீடியோவில்தான் நன்றாக இருக்கும். நேரில் மழை மேலேயிருந்து பெய்தது, இலையிலிருந்து பெய்தது, என் மூக்கிலிருந்தும் பெய்தது. கால் வைத்த இடமெல்லாம் வேர். பிடித்த கொடியெல்லாம் முள். கறியை விட்டவன் ரத்தம் வேண்டாம் என்று ஒரு அட்டையாவது சொல்லவேண்டுமே! குடும்பத்தோடு வந்து குடித்தன. பெருமாள் முன்னால் நடந்தார். மாதா மாதம் கிருத்திகைக்குப் படியேறுகிற அனுசுயா அவர் பின்னால் பூப்பறிக்கப் போகிறவள்போல் போனாள். கடைசியில் நான், எல்லாரையும் திட்டிக்கொண்டே.

அன்றுதான் ஆடிக் கிருத்திகை. ஊரில் இந்நேரம் கூட்டத்தில் எவன் எவனோ நசுங்கிக்கொண்டிருப்பான் என்று நினைத்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. அதே சமயம் 'டப்'பென்று ஒரு சத்தம். அனுசுயாவின் பை வார் அறுந்துவிட்டது.

"என்னால கையில தூக்க முடியாதுங்க."

"அப்படியே போட்டுட்டு வாடி!"

"துணிமணிங்க கீதுங்க."

பெருமாள் ஒரு மூங்கில் கழியை வெட்டி வந்தார். இந்த முனையில் என் பை, அந்த முனையில் அவள் பை, இறுகக் கட்டினார். "தோள்ல வெச்சா வெயிட்டு தெரியாது லா, அண்ணே."

தெரிந்தது! துணிமணியா அது? செங்கல் சூளையையே மடித்து வைத்தமாதிரி கனத்தது. கழி தோளில் ஏறியதும் இடுப்பு வளைந்து நிமிர்ந்தது. "காலம் பூரா உன்ன சுமக்கிறது பத்தாதா? உன் பையையும் சுமக்கணுமா?" என்று கத்தினேன். அவள் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஓர் ஓடை வந்தது. "அட்டை ஷூவுக்குள்ளதான் குடியிருக்கும், கழட்டிடுங்க அண்ணே" என்றார் பெருமாள். கழற்றினேன். வெறுங்காலோடு கடைசி ஏற்றத்தையும் ஏறினேன். மேலே ஒரு தேயிலை எஸ்டேட், அங்கே சாப்பாடு இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். கோழிக்குழம்பை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

காடு முடிந்தது. எதிரே பத்துப் பதினைந்து தமிழ்க் குடும்பங்கள் நின்றன. ஒரு அம்மா ஓடிவந்து என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். அட்டைக் கடிக்கு வைத்தியம்போலிருக்கிறது, அயல்நாட்டில் என்ன உபசாரம் என்று கண் கலங்கிவிட்டேன்.

அப்போது மேளம் முழங்கியது.

"வேல் முருகனுக்கு..."

"அரோகரா!"

நிமிர்ந்து பார்த்தேன். எதிரே சின்னதாக ஒரு முருகன் கோயில். திரும்பித் தோளைப் பார்த்தேன். கழி. இரண்டு பக்கமும் மஞ்சள் மூட்டை. கீழே வெறுங்கால். மேலே தாடி. கறி தின்னாத வாய். யாரோ என் கழிக்குக் கற்பூரம் காட்டினார்கள்.

அனுசுயா தன் பையைப் பிரித்தாள். தேங்காய், நாட்டுச் சர்க்கரை, விபூதி, வாழைப்பழம். ஒரு கர்சீப் அளவுக்குக்கூடத் துணியில்லை.

"அடிப்பாவி! பை வாரு?"

"நான்தாங்க கொஞ்சம் கத்திரி வெச்சேன்."

"அட்டைக்கு மஞ்சள் ஆவாதுன்னது?"

"அது ரஞ்சிதம் சொன்னது."

பெருமாள் வானத்தைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்த எஸ்டேட்டையே பிடுங்கி எறிந்திருப்பேன். ஆனால் எறிவதற்கு முன் ஒன்று தோன்றியது. பாரம் தோளைவிட்டு இறங்கிவிட்டது. இனிமேல் வேண்டுதலும் இல்லை, வருஷா வருஷம் பொய்யும் இல்லை. நிம்மதி!

"சரி, ஏமாத்தி எடுக்க வெச்சிட்ட. முருகன் கணக்கு முடிஞ்சிது இல்ல? வா, கோழி துன்னலாம்."

"எப்படிங்க முடியும்? நான் வேண்டிகினது நம்ம மலைக்கு. இது உங்க இடுப்பு தாங்குதான்னு பாக்கத்தான். நல்லாவே தாங்குது." போனைக் காட்டினாள். "வீடியோ ஊர்ல எல்லாரும் பாத்துட்டாங்க. தை கிருத்திகைக்கு ரஞ்சிதம் காவடி சொல்லி வெச்சிட்டாளாம். வெரதம்தான் நடந்துகினு கீதே, அப்படியே தை வரைக்கும் இருந்துடுங்க."

நான் அங்கேயே உட்கார்ந்தேன். அந்த நிமிஷம்தான் என் இடுப்பு உண்மையாகவே பிடித்துக்கொண்டது. சொன்னால் நம்பத்தான் ஆளில்லை.