வைக்கோலை மென்று பார்த்த கண்டக்டர்

செஞ்சி வட்டாரத்தில் வைக்கோலின் ருசி தெரிந்தவர்கள் இரண்டு வகை. ஒன்று, மாடுகள். இன்னொன்று, எங்கள் பஸ் கண்டக்டர். மாடுகளாவது கிடைத்ததைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும். கண்டக்டர் குறை சொல்வார்.

அவருடைய சொந்தப் பெயர் பஸ்ஸில் யாருக்கும் தெரியாது. 'அசை' என்றால்தான் தெரியும். எந்நேரமும் கடைவாயில் ஒரு வைக்கோல் இழையை வைத்து அசை போட்டுக்கொண்டே டிக்கெட் கிழிப்பார். அதனால் வந்த பெயர். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. ஏதோ பல்கலைக்கழகம் கொடுத்த பட்டம் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டைக்குப் போகும் தனியார் பஸ் அது. அவலூர்பேட்டைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த நான், ரிடையர் ஆகும்வரை தினமும் அதில்தான் போய் வந்தேன்.

அசைக்கு நிலம் கிடையாது. ஒரே ஒரு பசு உண்டு. செவலை நிறம், பெயரும் செவலை. அதற்கு வேண்டிய வைக்கோலை விலைக்குத்தான் வாங்க வேண்டும். விலைக்கு வாங்குகிற பொருளை ருசி பார்க்காமல் வாங்கலாமா என்பது அவர் கட்சி. மாம்பழம் வாங்குகிறவன் ஒரு துண்டு கேட்டுத் தின்பதில்லையா?

இதனால் அறுவடைக் காலம் வந்தால் எங்கள் பாடு திண்டாட்டம். படிக்கட்டில் தொங்கியபடி வயல்களைப் பார்த்துக்கொண்டே வருவார். எங்காவது களத்தில் புது வைக்கோல் கண்ணில் பட்டால் போதும், விசில் பறக்கும். டிரைவர் ஏகாம்பரம் தலையில் அடித்துக்கொண்டு பிரேக் போடுவார். அசை இறங்கிப் போய் ஒரு பிடி உருவி, மோந்து பார்த்து, வாயில் போட்டு, கண்ணை மூடி மெல்லுவார்.

"இன்னாய்யா இது, வைக்கோலா தொடப்பமா? மழை தண்ணிய பார்த்திருக்குதா இது?"

"உன்ன யாருய்யா திங்கச் சொன்னது? போய் டிக்கெட்ட கிழி!" என்பார் களத்துக்காரர்.

"நான் துன்னல, ருசி பார்த்தேன். துன்றது என் செவலை. அதுக்கு வாய் இருந்தா உன்ன கேட்டிருக்கும்."

இந்தப் பேச்சுவார்த்தை முடிந்து பஸ் கிளம்புவதற்குள் பள்ளியில் மணி அடித்துவிடும். கண்டக்டர் வைக்கோல் மென்றதால் தாமதம் என்று தலைமை ஆசிரியரிடம் எப்படிச் சொல்வது? டயர் பஞ்சர் என்று சொல்லிவைத்தேன். சில வருஷம் போனதும் அவரே பொறுக்க முடியாமல், "அந்த பஸ்ஸுக்கு டயரே மாத்த மாட்டாங்களா சார்?" என்று கேட்டுவிட்டார்.

ஒரு வருஷம் வானம் எங்களை அடியோடு மறந்துவிட்டது. ஏரிகள் வெடித்துக் கிடந்தன. கிணற்றுத் தண்ணீரை நம்பி நட்ட நெல்லும் முழங்கால் உயரத்திலேயே கதிர் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டது. நெல்லே இல்லை என்றால் வைக்கோலுக்கு எங்கே போவது? மானாவாரியில் போட்ட மல்லாட்டைச் செடி, அதாவது நிலக்கடலை, காயும் பிடிக்காமல், கொடியும் மாட்டுக்கு ஆகாமல் கருகிப்போனது. ஊரில் பலர் மாடுகளை விற்றார்கள். அசையோ கிடைக்கிற களமெல்லாம் இறங்கி மென்றார்.

"சார், நல்ல வருஷத்து வைக்கோலு இனிக்கும், காய்ஞ்ச வருஷத்து வைக்கோலு கசக்குது சார். செடியோட கவலை பூரா தண்டுல எறங்கிடுது" என்று என் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். செடிக்கு ஏது கவலை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என் வாயிலும் ஒரு இழையைத் திணித்துவிடுவார்.

கடைசியில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் வைக்கோல் வந்தது. பாயைச் சுருட்டுவதுபோல மெஷினில் சுருட்டிய உருளைகள். அசை ஒன்றை மென்று துப்பினார். "தண்ணி வேற சார், மண்ணு வேற. என் செவலை இத மோந்து கூடப் பார்க்காது" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். வேறு வழியில்லாமல் அதைத்தான் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள், செவலை தின்றதா என்று தினமும் எங்களோடு வரும் பூக்காரம்மா கேட்டாள்.

"ராத்திரியோட ராத்திரியா பாதி உருளைய காலி பண்ணிட்டுது" என்றார் கம்மிய குரலில். "அதுக்கு நாக்கு செத்துப் போச்சு."

அந்தப் பஞ்சத்தில் பட்ட பாடு அவரை வேறு ஆளாக மாற்றிவிட்டது. அடுத்து மழை வந்து விளைந்ததும், முதலில் அறுத்த வயல்களில் மென்று மென்று பொறுக்கி, வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் பெரிய போராகப் போட்டார். கோட்டை மலைக்கு எதிராக நிற்கிற அளவுக்குப் பெரிசு என்று அவர் சொல்லுவார். நான் பார்த்தேன், அவ்வளவு இல்லை. ஆனால் அந்தத் தெருவில் அதுதான் உயரம். படுதா மட்டும் போடமாட்டார்.

"போருக்கு மூச்சு முட்டும் சார். உள்ள வேர்த்துப் பூசணம் புடிச்சிடும்."

தினமும் காலையில் தோள்வரை கையைப் போருக்குள் விட்டு ஜுரம் பார்ப்பார். ஈரம் இருந்தால் உள்ளே சூடு ஏறுமாம், முற்றினால் தானே தீப்பிடித்துக்கொள்ளுமாம். அவர் மனைவி ஒருநாள் எங்களிடம் முறையிட்டார்: "எனக்கு மூணு நாளா ஜுரம், நெத்தியில கை வெச்சுப் பார்த்தாரா கேளுங்க!"

அப்புறம்தான் அந்த மழை வந்தது. அறுவடை நடக்கிற நேரத்தில், வரவேண்டிய காலம் போன பிறகு வந்து, போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. சாய்ந்த நெல் வயலிலேயே முளைவிட்டது. அறுப்பு மெஷின்கள் சேற்றில் இறங்கி நின்றன. வழியெங்கும் வைக்கோல் கருத்து அழுகி நாறியது. அசை ஒரு களத்தில்கூட இறங்கவில்லை. செவலை அப்போது நிறைசினை.

"பூசணம் புடிச்சத துன்னா கன்னு தங்காது சார். தாலுக்கா பூரா இப்ப நல்ல வைக்கோலு என் வூட்டாண்டதான் இருக்குது" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னார்.

மழை விட்டுச் சில நாள் வெயில் அடித்தது. ஒரு காலை, மழை ஈரம் இறங்கிய போரில் ஜுரம் பார்த்த கை சுட்டுவிட்டது. மழை போய்விட்டது என்று நம்பி, போரைப் பிரித்து மனை முழுக்கப் பரப்பிக் காயவைத்துவிட்டு டியூட்டிக்கு வந்துவிட்டார். சாயங்காலம் அவலூர்பேட்டையிலிருந்து பஸ் திரும்பும்போது செஞ்சிப் பக்கம் வானம் மையாக இருந்தது. போனில் அவர் மனைவி கத்தியது டிரைவருக்கே கேட்டது. தூறல் போட ஆரம்பித்துவிட்டதாம்.

நான் அசையைப் பார்த்தேன். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் வாயில் வைக்கோல் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒழுங்காக விசில் கொடுத்து, ஆளை இறக்கி, ஏற்றி, டிக்கெட் கொடுத்தார்.

பூக்காரம்மாதான் முதலில் வெடித்தாள். "யோவ் ஏகாம்பரம்! என் ஸ்டாப்புல நிறுத்தாத. நேரா செஞ்சிக்கு ஓட்டு!"

"உனக்கு வூடு இங்கதானம்மா?" என்றார் அசை.

"வூடு எங்கியும் ஓடாது. நீ விசிலு ஊதாம இரு."

அப்புறம் ஒருவரும் இறங்கவில்லை. அவர் வைக்கோல் மென்றதால் முகூர்த்தத்தைக் கோட்டை விட்டவர், ஆஸ்பத்திரி டோக்கனைத் தவறவிட்டவர், இன்டர்வியூவுக்குத் தாமதமாகப் போனவர் என்று பஸ் முழுக்க அவரைத் திட்டியவர்கள்தான் இருந்தார்கள். எல்லோரும் சேர்ந்து "போ, போ" என்றார்கள். ஏகாம்பரம் அன்று ஓட்டிய ஓட்டத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

மனைக்குள் பஸ் நுழையாது என்பதால் தெருமுனையில் நிறுத்திவிட்டு எல்லோரும் ஓடினோம். கைக்குக் கிடைத்ததை வாரி ஒரே குவியலாகக் குவித்தோம். மழை வலுத்தது. மூட எதுவும் இல்லை, அந்த வீட்டில்தான் படுதாவே கிடையாதே. ஒருவர் குடையை விரித்துக் குவியலின் மேல் பிடித்தார். அதைப் பார்த்து இன்னொருவர் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் பஸ்ஸில் வந்த குடைகளெல்லாம் வைக்கோலுக்கு மேலே, பஸ்ஸில் வந்த ஆட்களெல்லாம் மழையில். தெருவில் போனவர்கள் யாரோ தலைவர் வந்திருக்கிறார் என்று எட்டிப் பார்த்தார்கள்.

அதற்குள் ஏகாம்பரம் கடைத்தெருவுக்கு ஓடி, கேட்டு வாங்கி, ஒரு கல்யாண வாழ்த்து பிளக்ஸ் பேனரைத் தூக்கிவந்தார். அதைப் பார்த்ததும் அசைக்குக் கொள்கை ஞாபகம் வந்துவிட்டது. "பேனர் வேணாம், மூச்சு முட்டும்…"

"ஒனக்கு மூச்சு நிக்கறதுக்குள்ள அந்த மூலையப் புடிய்யா!" என்றார் மனைவி.

பிடித்தார். யாரென்றே தெரியாத மணமக்கள் சிரித்த முகத்தோடு விடிய விடிய வைக்கோலைக் காத்தார்கள்.

மேல்வைக்கோல் கொஞ்சம் நனைந்தது, மற்றதெல்லாம் தப்பியது. அந்த வாரமே செவலை ஒரு கிடாரிக் கன்று போட்டது. மறுநாள் பஸ்ஸின் பின்சீட்டில் உட்கார இடமில்லை, முழுக்க வைக்கோல் கட்டுகள். மாடு வைத்திருந்த பயணிகளுக்கெல்லாம் டிக்கெட்டோடு ஆளுக்கு ஒரு கட்டு. அவரவர் வீட்டு வைக்கோல்தான் அழுகிப் போயிருந்ததே. கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு கட்டிலும் ஒரு இழையை உருவி மென்று பார்த்து, தலையாட்டிவிட்டுக் கொடுத்தார்.

எனக்கும் ஒரு சின்னக் கட்டு நீட்டினார்.

"எங்கிட்ட மாடே இல்லியே, அசை?"

"இருக்கட்டும் சார். எல்லாருக்கும் குடுத்துட்டு உங்கள மட்டும் எப்படி வுடறது?"

கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி சமையலறையில் இருக்கிறாள் என்று உறுதி செய்துகொண்டு, கதவைச் சாத்தி, ஒரு இழையை உருவி மென்று பார்த்தேன். அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை. இனிக்கத்தான் செய்தது.