சீரத்தில் ஒரு சிட்டிகை வெல்லம்

"இதுல முட்டை இருக்கான்னு மட்டும் மோந்து பாத்துச் சொல்லுங்கோ மாமா," என்று வித்யாலக்ஷ்மி ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலை நாராயணசுவாமியின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

அவர் வந்தது முகூர்த்தத்தன்று பாயசம் ஒன்றா, இரண்டா என்று பேசி முடிக்க. வித்யாலக்ஷ்மியின் மகள் ஸ்ரீவர்ஷினிக்கு இன்னும் பன்னிரண்டு நாளில் கல்யாணம். திருத்தணியிலேயே பெரிய மண்டபம், மூன்று நாள் சமையல், ஆயிரம் பேர். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் சென்னை. இதில் பேர் வாங்கிவிட்டால் ரயில் ஏறிப் போய்ச் சமைக்கலாம் என்று நாராயணசுவாமி கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

"என்ன இது?"

"சீரமாம். மூஞ்சிக்குத் தடவிக்கறது. வைட்டமின் சி. எங்கண்ணா பிள்ளை ஷ்யாம் ஜப்பான்லேர்ந்து அனுப்பியிருக்கான். எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியா இருக்கு. முட்டை, மீன் எண்ணெய் ஏதாவது கலந்திருந்தா? எங்காத்து ஆசாரம் உங்களுக்குத் தெரியுமோல்லியோ."

"பிரவுசிங் சென்டர் போய்ப் பாத்துட்டு வரேம்மா. பத்து நிமிஷம்," என்றாள் ஸ்ரீவர்ஷினி. அவள் எம்.எஸ்ஸி. படித்தவள்.

"மாமா மூக்கு இருக்கறச்சே உனக்கு எதுக்குடி பிரவுசிங்?"

அந்த மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாராயணசுவாமியின் முன்னோர்கள் மலைமேல் சாமிக்குச் சமைத்தவர்கள். நைவேத்தியத்தைப் படைக்கும் முன் யாரும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. அந்த விதியை அவர் கல்யாண மண்டபங்களுக்கும் நீட்டியிருந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்குப் படைப்பதும் ஏறக்குறைய அதே மாதிரிக் காரியம்தான் என்பது அவர் கட்சி. இருபது வருடமாக ஒரு சொட்டு ரசத்தைக்கூட ருசி பார்த்ததில்லை. அண்டாவின்மேல் குனிந்து, கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு இழுப்பார். "உப்பு ஒரு பிடி" என்பார். உதவியாள் தேசப்பன் "ஆங் சாமி" என்று போடுவான். சாம்பார் அமிர்தமாக இருக்கும். பொதட்டூர்பேட்டையிலிருந்து அரக்கோணம் வரைக்கும் அவருக்கு 'மூக்கு ஐயர்' என்றே பேர். உப்புக்கு ஏது வாசனை என்று பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிறவர்கள்கூட, பந்தியில் உட்கார்ந்த பிறகு கேட்டதில்லை.

நாராயணசுவாமி பாட்டிலை வாங்கினார். லேபிளில் பாதி ஆரஞ்சுப் பழம் ஒன்றின் படம் இருந்தது. மூக்குக்கு அது பெரிய ஒத்தாசை. கண்ணை மூடி இழுத்தார்.

"எலுமிச்சை. நார்த்தங்காய் தோல். துளி பன்னீர். முட்டை கிட்டக்கவே போகலை. தைரியமாத் தடவலாம்."

"நெறம் குடுக்குமா?"

சமையல்காரரிடம் கேட்கிற கேள்வி இல்லை. ஆனால் தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமும் இல்லை.

"ஒரு வாரத்துல பாருங்கோ. மொகம் தேய்ச்ச குத்துவிளக்கு மாதிரி ஆயிடும்."

இரண்டாம் நாள் ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் ஸ்ரீவர்ஷினியின் கன்னம் இரண்டும் சிவந்திருந்தன.

"எரியறது மாமா," என்றாள்.

"எலுமிச்சைதானே? எதுக்கு எரியறது?" என்றாள் வித்யாலக்ஷ்மி. குரலில் கொஞ்சம் சந்தேகம் தட்டியது.

நாராயணசுவாமி மறுபடி மோந்தார். "காட்டமா இருக்கு. ரசம் காட்டமானா என்ன பண்ணுவோம்? விளாவுவோம். கொஞ்சம் பன்னீர் விட்டுக் குலுக்கி, ரெண்டு நாள் ஜன்னல்ல வெயில் படற இடமா வையுங்கோ. ஊறுகாய்க்கு வெக்கறாப்பல. பதம் வந்துடும்."

"மாமா, இது ஊறுகாய் இல்ல," என்றாள் ஸ்ரீவர்ஷினி.

"பெரியவா சொல்றச்சே குறுக்கே பேசாதே," என்றாள் அம்மா.

பதம் வந்தது. திருத்தணி வெயில் பதம் வராமல் விடாது. தண்ணீர்போலத் தெளிவாக இருந்த சீரம் மூன்றாம் நாள் காபி டிகாக்ஷன் நிறத்துக்கு வந்திருந்தது.

"ஏன் மாமா கறுத்துப் போச்சு?"

"சத்து இறங்கியிருக்கு."

"தடவினா முன்னைவிட சுர்ருங்கறதே!"

இதற்குப் பின்வாங்கினால் பாயசம் இரண்டிலிருந்து ஒன்றாகி, ஒன்றிலிருந்து வேறு சமையல்காரருக்குப் போய்விடும். நாராயணசுவாமி இன்னொரு மூச்சு இழுத்தார்.

"புளிப்பு தூக்கல். அவ்வளவுதான். ஒரு சிட்டிகை வெல்லம் கரைச்சு விடுங்கோ. திருவாலங்காட்டுப் பக்கத்து வெல்லமா இருந்தா உத்தமம். மண் இருக்காது."

வெல்லம் போட்ட சீரத்தைத் தடவிக்கொண்டு ஸ்ரீவர்ஷினி மத்தியானம் சற்றுக் கண்ணயர்ந்தாள். அரை மணி நேரத்தில் அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டார் ஓடி வந்தார்கள். எறும்புகள் அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தன.

நாராயணசுவாமி போனபோது மணப்பெண்ணின் மேலுதடு வீங்கி, மூக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இடதுகண் பாதிதான் திறந்தது.

"கல்யாணத்துக்கு ஏழு நாள் இருக்கு," என்றாள் வித்யாலக்ஷ்மி. அவள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அட்டைப்பெட்டியோட எடுத்துண்டு போய் மெடிக்கல் ஷாப்ல காட்டுங்கோ. எறும்புக்கடிக்கு ஆயின்மென்ட் வாங்கிண்டு வாங்கோ. இந்தத் தடவை நீங்க ஒண்ணும் மோந்து பாக்க வேண்டாம்."

கடைத்தெருவில் கரீமுல்லாவின் மெடிக்கல் ஷாப். கரீமுல்லா பாட்டிலைப் பார்க்கவில்லை. அட்டைப்பெட்டியைத் திறந்து, அடியில் இரண்டு விரலை விட்டு, மடித்த காகிதம் ஒன்றை உருவினார். ஒரு பக்கம் ஜப்பான் எழுத்து. மறுபக்கம் நல்ல இங்கிலீஷ்.

"இது உள்ளயேவா இருந்தது?" என்றார் நாராயணசுவாமி.

"யாரும் தொறந்து பாக்கலியா ஐயரே?"

"தேவைப்படலை."

கரீமுல்லா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "தண்ணி. அஸ்கார்பிக் ஆசிட், அதாங்க வைட்டமின் சி, பதினஞ்சு பர்சன்ட். கிளிசரின். அப்புறம் கெட்டுப் போவாம இருக்க ரெண்டு மூணு ஐட்டம்."

"எலுமிச்சை?"

"இல்லீங்க."

"நார்த்தங்காய் தோல்?"

"ஐயரே, இது ஜப்பான்ல செஞ்சது."

"பன்னீராவது?"

"வாசனைன்னு ஒண்ணுமே சேக்கலன்னு தனியா கொட்ட எழுத்துல போட்டிருக்கான்." கரீமுல்லா தொடர்ந்தார். "மொதல்ல லேசா எரியும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடணும். வெயில் படக் கூடாது. வேற எதுவும் கலக்கக் கூடாது. நெறம் மாறிட்டா தூக்கிப் போட்டுரணும். நீங்க என்னா பண்ணீங்க?"

"பன்னீர் விட்டு வெயில்ல வெச்சேன்."

"சரி."

"அப்புறம் வெல்லம் போட்டேன்."

கரீமுல்லா கண்ணாடியைக் கழற்றினார். "ஏலக்காய்?"

"போடலை."

"அத்தோட விட்டீங்களே."

"இதனால பிரயோஜனம்தான் என்ன?"

"மூணு மாசம் விடாம போட்டா மொகத்துல இருக்கற புள்ளிங்க கொஞ்சம் மங்கும். தோல் கொஞ்சம் தெளியும்."

"பன்னெண்டு நாள்ல?"

"பன்னெண்டு நாள்ல பாட்டில் கொஞ்சம் காலியாவும்."

ஆயின்மென்டோடு திரும்பினால், காகிதத்தை ஸ்ரீவர்ஷினி பிடுங்கிக்கொண்டாள். வீங்கிய உதட்டோடு ஒரு வரி விடாமல் படித்து, அம்மாவுக்குத் தமிழிலும் சொன்னாள். எலுமிச்சை இல்லை என்ற இடத்தை இரண்டு தரம் படித்தாள்.

வித்யாலக்ஷ்மி நாற்காலியில் உட்கார்ந்தாள். "வீக்கம் வடிஞ்சுடும். அது போகட்டும். இல்லாத நார்த்தங்காய மோந்து பாத்துச் சொல்ற மூக்கை நம்பி ஆயிரம் பேர் சாப்பாட்டை எப்படி மாமா ஒப்படைக்கறது? சம்பந்தி வீட்டுக்காரா முன்னால சாம்பார் உப்புக் கரிச்சா நான் எந்த மூஞ்சியோட நிக்கறது?"

"சீரம் வேற, சாம்பார் வேற மாமி. அடுப்புல ஏறாத வஸ்து என் மூக்குக்குப் பிடிபடாது."

"அப்படின்னா நாளைக்கு என் கண்ணெதிர வெச்சுக் காட்டுங்கோ. இருபது பேருக்கு சாம்பார். சரியா இருந்தா சமையல் உங்களுது. இல்லேன்னா அரக்கோணத்துலேர்ந்து ஆள் வரான்."

மறுநாள் காலை கொல்லைப்புறக் கொட்டகையில் அடுப்பு மூட்டினார்கள். தேசப்பன் வழக்கம்போலப் பேசாமல் விறகு தள்ளினான், புளி கரைத்தான், பருப்பைக் கிண்டிக் கொட்டினான். அம்மாவும் மகளும் ஆளுக்கொரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். ஸ்ரீவர்ஷினியின் கண் இன்று முழுசாகத் திறந்திருந்தது. அது நாராயணசுவாமிக்கு அனுகூலமாக இல்லை.

சாம்பார் கொதித்தது. அவர் குனிந்தார். அண்டாவின் முன்னால் முதல் தடவையாக அவருக்குப் பயமாக இருந்தது. இழுத்த மூச்சில் பெருங்காயம் வந்தது, கொத்தமல்லி வந்தது, இருபது வருடத்துப் பேர் போகப்போகிற வாசனையும் சேர்ந்து வந்தது. இரண்டு பேரின் பார்வையும் அவர் மூக்கை விட்டு நகரவில்லை. தேசப்பன் கரண்டியைக் கழுவ அந்தப் பக்கம் போய்விட்டு வந்தான்.

"உப்பு..." என்றார் நாராயணசுவாமி. "ஒரு பிடி. இல்லை, ஒன்றரை. ஒன்றரைப் பிடி."

"ஆங் சாமி," என்று தேசப்பன் போட்டான்.

வித்யாலக்ஷ்மி ஒரு கிண்ணத்தில் வாங்கி, ஊதி, குடித்தாள். மறுபடி குடித்தாள். பிறகு கிண்ணத்தை மகளிடம் நீட்டினாள். ஸ்ரீவர்ஷினி உதடு வலிக்க வலிக்க அதைக் காலி செய்தாள்.

"மன்னிச்சுடுங்கோ மாமா," என்றாள் வித்யாலக்ஷ்மி. "பாயசம் ரெண்டாவே இருக்கட்டும்."

தெருவுக்கு வந்ததும் நாராயணசுவாமியின் நடையே மாறிவிட்டது. அண்டாவையும் கரண்டிகளையும் தலையில் வைத்துக்கொண்டு தேசப்பன் பின்னால் வந்தான்.

"பாத்தியாடா தேசப்பா? ஜப்பான்காரன் என்னை ஏமாத்தலாம். சாம்பார் ஏமாத்துமா? ஒன்றரைப் பிடின்னேன். ஒரு குந்துமணி கூட இல்லை, குறைச்சல் இல்லை. இந்த மூக்குல என்னமோ இருக்கு."

"ஆங் சாமி."

"ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். இது பெரிய கல்யாணம். மெட்ராஸ்காரா வரா. மோந்து பாக்கறதும் நானே, உப்புப் போடறதும் நானே. நடுவுல இன்னொரு கை எதுக்கு?"

தேசப்பன் நின்றுவிட்டான். தலைச்சுமையை இறக்கித் தரையில் வைத்தான்.

"வேணாம் சாமி, ஆயிரம் பேரு சாப்பாடு," என்றான். "மோந்து பாக்கறத எப்பவும்போல நீங்களே பாருங்க, ருசி பாக்கறத இருவது வருசமா நான் பாத்துகினுதானே இருக்கேன்."