அரைக் கிண்ணம், மறுபடியும்

கரகந்தா

மரியாதைக்குரிய அண்ணன் ஒராஸ்பாய்க்குத் தம்பி தெமிர்கான் சலாம் சொல்லி எழுதுவது. நீங்களும் அண்ணியும் குதிரைகளும் நலமாக இருக்க வேண்டும். இங்கே என் முழங்கால் நலம், மற்றவை கீழ்வருமாறு.

நேற்று மராலின் வீட்டார் கல்யாணத் தேதி பேச வந்திருந்தார்கள். கறி நன்றாகவே வெந்திருந்தது. பெண்ணின் மாமா கெனெஸ்பெக், சபையில் நின்ற நிலையில் பாட்டுக்குப் பாட்டு கட்டும் எதிர்ப்பாட்டுப் போட்டிகளில் பரிசு வாங்கியவர், "மாப்பிள்ளை கவிஞராமே, ஒண்ணு சொல்லுங்க, கேப்போம்" என்றார். நம் பையன் ஜல்காஸ் எழுந்து, எதுகையும் அளவும் இல்லாமல், காலமான தன் அம்மாவைப் பற்றி ஒன்று சொன்னான். சமோவார், சன்னல், சாம்பல், சால்வை என்று வரிக்கு வரி சீறியது. தண்ணீர் கொதிப்பது காதில் விழ வேண்டுமாம். நிஜ சமோவார் பக்கத்திலேயே கொதித்துக்கொண்டிருந்தது. நடுநடுவே "அம்மா அரைக் கிண்ணம் ஊற்றினாள்" என்று ஒரே வரி. சபையில் சொன்னதையே சொல்பவன் அடுத்த வரி கிடைக்காமல் தவிக்கிறான் என்றுதானே நமக்கு அர்த்தம்? கெனெஸ்பெக் பாவம் பார்த்து எதுகை எடுத்துக் கொடுத்தார். இவன் வாங்கவில்லை. மறுபடி கொடுத்தார். ஐந்தாவது தடவை மராலின் அம்மா என் பக்கம் சாய்ந்து, "மாப்பிள்ளைக்கு ஞாபக மறதி சின்ன வயசுலேருந்தா?" என்று கேட்டாள். கடைசி வரி, "அம்மா முழுக் கிண்ணம் ஊற்றினாள்." அதோடு உட்கார்ந்துவிட்டான். விருந்தாளிக்கு அரைக் கிண்ணம் என்றால் இன்னும் இரு, முழுக் கிண்ணம் நீட்டினால் எழுந்து போ என்று பொருள் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். சம்பந்திகள் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். தேதி பேசவே இல்லை.

கேட்டா, "அப்பா, முப்பது வருஷம் ஸ்டேஷன் மைக்ல ஒரே அறிவிப்பை மூணு தடவை சொன்னீங்களே, உங்களுக்கு ஞாபக மறதியா?"ங்கறான். அது ரயில்டா, தவற விட்டா திரும்ப வராதுன்னேன். "இதுவும் அப்படித்தாம்ப்பா"ன்னுட்டுப் போயிட்டான், அண்ணே.

நீங்கள் உடனே வந்து இவனை ஓர் அதட்டு அதட்டி, சம்பந்தி வீட்டுக்கும் என்னோடு வர வேண்டும். திரும்பத் திரும்ப வரும் வரிகளை அடித்துவிட்டுக் கவிதையை இணைத்திருக்கிறேன். எத்தனை வீண் என்று பாருங்கள். அண்ணிக்குச் சலாம். குதிரைகளுக்குப் புல் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தெமிர்கான்

பி.கு. (மறுநாள்): கவிதையை இணைக்கவில்லை. அடித்த பிரதியில் முழுக் கிண்ணம் வெறும் தேநீராக இருந்தது. ஐந்து அரைக் கிண்ணத்துக்குப் பிறகு வந்தால்தான் அவன் அம்மா விடைகொடுக்கிறாள். கடைசி நாள் எனக்கும் அப்படித்தான் ஊற்றினாள். அவளுக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். எல்லா வரிகளையும் திரும்ப எழுதி, இன்று காலை சம்பந்தி வீட்டுக்கு எடுத்துப்போய், ஸ்டேஷன் குரலிலேயே படித்தேன். கெனெஸ்பெக் எதுகை கொடுக்கவில்லை. நீங்கள் அதட்ட வர வேண்டாம்; கல்யாணத்துக்கு வந்தால் போதும். மராலின் அம்மா எனக்குத் தேநீர் ஊற்றினாள். அரைக் கிண்ணம். மறுபடியும் அரைக் கிண்ணம்.