மரக்காணத்தில் விளக்கு வைத்தாயிற்று, ஜாம்பியாவில் உப்பு கிடையாது

இயேசு மரி சூசை துணை
மரக்காணம்

அன்பு மச்சான் அருளப்பனுக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் இன்னாசிராஜ் எழுதுவது. இங்கு நானும், முழங்கால் நீங்கலாக உன் அக்காளும் சுகம். கிளியனூரில் நீங்கள் எல்லோரும், உன் புது மோட்டார் உட்பட, நன்றாக ஓடிக்கொண்டிருக்க ஆண்டவரை வேண்டுகிறோம்.

ஈஸ்டர் விருந்தில் நீ என்னை ஒரு கேள்வி கேட்டாய். "ஏன் மாமா, மிஷனரி மிஷனரின்னு சொல்றீங்களே, கிறிஸ்டி குடும்பம் ஜாம்பியாவுல காலையில எழுந்து அப்படி இன்னாதான் பண்ணுது?" வாயில் பிரியாணி இருந்ததால் "ஊழியம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். வாத்தியாருக்கு அழகல்ல. உதாரணம் இல்லாத பதிலுக்கு நான் பிள்ளைகளுக்கே மார்க் போட்டதில்லை. இப்போது ஒரு நல்ல உதாரணம் கிடைத்திருக்கிறது, அதையும் உன் அக்காவே ஏற்பாடு செய்து கொடுத்தாள்.

உனக்குத் தெரியும், நம் பெண் கிறிஸ்டியும் மாப்பிள்ளை ஆரோக்கிய பிரபுவும் சாமியாரும் அல்ல, கன்னியாஸ்திரியும் அல்ல, குடும்பமாகவே போய்ப் பணி செய்கிறவர்கள். மாப்பிள்ளை காலையில் கைபம்பில் தண்ணீர் அடித்து வைத்துவிட்டு சைக்கிளில் போய்ப் பள்ளிக்கூட பெஞ்சுகளுக்குக் கால் வைப்பார், சைக்கிள் செயின் கழன்றால் அதற்கும் சேர்த்து ஜெபம் செய்வார். நர்ஸ் படித்த கிறிஸ்டி ஒரு மாமரத்தடியில் தராசைத் தொங்கவிட்டுக் கைக்குழந்தைகளை எடை பார்த்து, கஞ்சி எப்படிக் காய்ச்சுவது என்று சொல்லிக் கொடுப்பாள். ஆனால் போன புதிதில் ஒரு குழந்தையும் வரவில்லை. மாதக்கணக்கில் தராசில் காற்றுதான் தொங்கியது. கடைசியில் புவல்யா என்ற பக்கத்து வீட்டு அம்மாள் தன் பிள்ளையைத் தூக்கி வந்தாள், அவளைப் பார்த்துத்தான் மற்றவர்களும் வந்தார்கள். உன் அக்காவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது. "பூவாயி நல்லாக்கீறாளா?" என்றுதான் தினமும் போனில் விசாரிப்பாள்.

அந்த போனில்தான் வினை. தினமும் சாயங்காலம் இவள் மாதா சுரூபத்துக்கு விளக்கு ஏற்றும்போதே வீடியோ காலும் போட்டுவிடுவாள். அப்படி ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கையில் புவல்யா கையில் கப்போடு வந்து நின்றாள். "உப்பு கேக்குறாங்கம்மா" என்று கிறிஸ்டி சொல்லி ஜாடியைத் திறந்ததுதான் தாமதம், இங்கிருந்து இவள் போட்ட சத்தத்தில் நம் வீட்டுப் பூனை பரண்மேல் ஏறிவிட்டது. "அடியே, விளக்கு வச்சாச்சுடி! விளக்கு வச்ச வூட்லேர்ந்து உப்பு வெளிய போனா லட்சுமியும் கூடவே போயிடுவா, மூடி வைடி!" ஞானஸ்நானம் வாங்கிய வாயில் லட்சுமி எப்படி வந்தாள் என்று கேட்காதே, அது உங்கள் குடும்ப வழக்கம். நம் பெண்ணும் அந்தக் குரலில் வளர்ந்தவளா, கை தன்னால் ஜாடியை மூட, வாய் தன்னால் "உப்பு இல்லை" என்று சொல்லிவிட்டது. ஜாடியோ கண்ணாடி ஜாடி! புவல்யா ஜாடியைப் பார்த்தாள், கிறிஸ்டியைப் பார்த்தாள், போய்விட்டாள். அப்புறம்தான் பேத்தி போனில் முகத்தை நீட்டி, "ஆயா, இங்க வெயிலு அடிக்குது" என்றாள். ஆமாம் மச்சான், நமக்கு விளக்கு வைக்கும் நேரம் அவர்களுக்கு மதியம் மூன்று மணி! டார்ச் லைட்டுக்கு முன்னால் எலுமிச்சம்பழத்தைச் சுற்றி, பூமிப்பந்தில் இங்கே இருட்டு, அங்கே பகல் என்று உன் அக்காவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, பழத்தை வாங்கிச் சாறு பிழிந்து ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் குடித்தாள்.

மறுநாளிலிருந்து மாமரத்தடிக்கு ஒரு குழந்தைகூட வரவில்லை. கேட்ட உப்பை இல்லையென்பது அந்தக் கிராமத்தில் "உன் முகத்தில் விழிக்க மாட்டேன்" என்பதற்குச் சமமாம். அடுத்த வாரம் அந்த ஊர் ஆயர் வந்து, இவர்களை அங்கேயே வைத்துக்கொள்வதா ஊருக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வதாக இருந்தது. கிறிஸ்டி போனில் அழுதாள். மகள் வரவேண்டும் என்று வேளாங்கண்ணிக்கு மூன்று முறை நடந்தவள் உன் அக்கா. "இதுக்குத்தானே ஆசைப்பட்டே, வரப்போறா பாரு" என்றேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "வரணுங்க. ஆனா தோத்துட்டு வரக்கூடாது. அதுவும் என் வாயால."

மறுநாள் உச்சி வெயிலில் குடையும் போனுமாக நம் பஞ்சநாதன் உப்பளத்துக்கே போய் நின்றாள், நான் பின்னால் ஓடினேன். அங்கே அப்போது காலை. கிறிஸ்டி போனைத் தூக்கிக்கொண்டு புவல்யா வாசலுக்குப் போய் மொழிபெயர்க்க, இவள் போனைத் திருப்பித் திருப்பி உப்புக் குவியல்களைக் காட்டினாள்: பார் பூவாயி, நாங்கள் உப்புக்குக் கஞ்சப்படுகிற ஜனமில்லை. "இது என்ன, மாவு மலையா?" என்று புவல்யா கேட்டாளாம். உப்பு என்றதும் போனுக்குள் முகத்தை நுழைத்துப் பார்த்தாள். பிறகு, "இவ்வளவை வச்சிக்கிட்டா எனக்கு ஒரு கப் இல்லைன்னீங்க?" பஞ்சநாதன் வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தார். "மாட்டிக்கினீங்களா அக்கா!" உன் அக்கா குடையை மடக்கினாள். "தப்பு எம்மேலதாம்மா. எங்கூர்ல பொழுது சாஞ்சா உப்பு தரமாட்டோம். எம்பொண்ணு கண்காணாத ஊர்ல இருக்கறா, அவ வூடு நல்லா இருக்கணும்னு ஒரு பயம். கத்திட்டேன்." புவல்யா கேட்டுக்கொண்டே இருந்தவள் கடகடவென்று சிரித்தாள். "நாங்களும் இருட்டினா ஊசி தரமாட்டோம். எங்கம்மாவும் இப்படித்தான் கத்துவாங்க. ஆனா எங்க வூட்ல ஜன்னல் இருக்குது, வெளிய பார்த்துட்டுக் கத்துவாங்க!"

அன்று சாயங்காலம் இங்கே விளக்கு எரிய, அங்கே வெயில் எரிய, புவல்யா கப்போடு வந்து நின்றாள். உன் அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "குடுடி" என்றாள். ஆயர் வந்த அன்று மாமரத்தடியில் குழந்தைகள் வரிசை, அழுகை, மூக்குச்சளி எல்லாம் நிறைவாக இருந்ததாம். இருங்கள் என்று சொல்லிவிட்டார். உன் அக்கா அன்று சிரித்தாள், கொஞ்சம் அழுதாள். இதுதான் மச்சான் அவர்கள் தினமும் பண்ணுவது: பக்கத்து வீட்டுக்காரராக இருப்பது. ஒரு கப் உப்பில் நிற்கிற வேலை. உன் அக்காவும் திருந்திவிட்டாள், இந்த மூடப்பழக்கம் நம் வீட்டை விட்டே போய்விட்டது.

மேரிசெல்விக்கு எங்கள் அன்பு. குழந்தைகள் நெற்றியில் எங்கள் பேரைச் சொல்லிச் சிலுவை போடவும்.

உன் மாமா,
இன்னாசிராஜ்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது பக்கத்து வீட்டுச் சின்னப்பாப்பா கிண்ணத்தோடு வந்து உப்பு கேட்டாள். இப்போதுதான் விளக்கு ஏற்றியிருக்கிறது. உன் அக்கா சொன்னது: "இங்க பொழுது சாஞ்சிட்டுதும்மா. ஜாம்பியாவுல இன்னும் வெயிலுதான், கிறிஸ்டிக்கு போன் போட்டுத் தரேன், அவகிட்ட கேட்டுக்கோ." அதற்குச் சின்னப்பாப்பா, "கொழம்பு கொதிக்குதுக்கா, உன் உப்பு பிளேன்ல வர்றதுக்குள்ள அடிபிடிச்சிடும்!" ஆகவே மேலே திருந்திவிட்டாள் என்று எழுதிய வரியை அடித்துவிட்டுப் படிக்கவும். நீயும் ஒன்று செய்: இன்று விளக்கு வைத்த பிறகு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஒரு கை உப்பு கேட்டுப் பார், கிளியனூரிலாவது வெயில் அடிக்கிறதா என்று தெரிந்துவிடும்.