அம்புறோஸ் லூர்துக்குப் போகிறார்

எஃபில் டவரில் படியால் ஏறுவதா லிஃப்டால் ஏறுவதா என்ற வழக்குத் தீராமலே பிலோமினம்மா இறந்துபோனாள்.

அது 2007ஆம் ஆண்டு, பெப்ரவரி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய் வந்து அம்புறோஸ் குசினி மேசையில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அவள் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதி முழுக்கப் பனி.

“லிஃப்டுக்கு வரிசையில நிக்கவேணுமாம். இரண்டாம் தட்டுமட்டும் படி கிடக்கு. நான் நடந்து ஏறுவன்” என்றாள்.

“உமக்கு அக்காடி மெற்றோப் படியே இளைக்குது.”

“அது வேலையால வரேக்க. இது ஊர் பாக்கப் போகேக்க.”

“அப்ப ஏறும். நான் கீழ நிண்டு படமெடுக்கிறன்.”

“நீர் எப்பவும் கீழதான் நிப்பீர்” என்று சொல்லிக்கொண்டே புட்டைச் சுளகில் கொட்டினாள். “கொஞ்சம் தலை சுத்துது. சரிஞ்சு இருந்திட்டு வாறன்” என்று உள்ளே போனாள். புட்டு ஆறும்வரைக்கும் அம்புறோஸ் அவளைக் கூப்பிடவில்லை.

அடக்கம், முப்பத்தோராம் நாள் பூசை எல்லாம் முடிந்து பார்த்தபோது, மே மாதத்துக்கு எடுத்த இரண்டு பாரிஸ் டிக்கெட்டுகள் மிச்சமாக இருந்தன. டிக்கெட் போட்டுக்கொடுத்த இரவிச்சந்திரன் கணினியைத் தட்டிப் பார்த்தான்.

“அக்கான்ர டிக்கெட்டை மரணச் சான்றிதழ் காட்டித் திருப்பலாம். உங்கடயைத் திருப்பேலாது அண்ணை. நீங்கள் உயிரோட இருக்கிறியள்.”

அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அம்புறோசுக்கு அப்படித்தான் கேட்டது.

அகதியாக வந்த காலத்தில் அவர்கள் பாரிஸ் விமான நிலையத்தில் ஒரு பகல் முழுக்க இருத்தி வைக்கப்பட்டவர்கள். பிலோமினம்மா கண்ட பாரிஸ் ஒரு கண்ணாடிச் சுவர், ஒரு கதிரை, கழிப்பறைக்குப் போக எழும்பினாலும் கூடவே வந்த ஒரு பொலிஸ்காரி. “இவ்வளவு கிட்டப் போயும் ஒண்டும் பாக்கேல்ல” என்று இருபது வருஷம் சொன்னாள். எஃபில் டவர், லூவ்ர் மியூசியம், செய்ன் ஆற்றில் வள்ளம், வெற்றி வளைவு என்று பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் எதைக் காட்டினாலும் கரண்டியைக் கையில் பிடித்தபடி வந்து நிற்பாள்.

“போங்கோ அப்பா. அம்மா பாக்க நினைச்சதுகளை நீங்கள் பாருங்கோ” என்றாள் மகள் ஜென்சி.

அம்புறோஸ் யோசித்தார். கிடைத்திருப்பது நாலே நாள். அந்த நாலு நாளில் அவள் சொன்ன எல்லாவற்றையும் பார்த்துவிடவேண்டும். எஃபில் டவரில் இரண்டாம் தட்டுவரைக்கும் ஏறவேண்டும். வேறு ஒன்றும் அவருக்குத் தேவைப்படவில்லை.

அடுத்த நாளே பிலோமினம்மாவின் தமக்கை எமிலியானம்மா பக்கத்து நகரமான லவாலிலிருந்து வந்து இறங்கினாள். கறுப்புச் சட்டை, கறுப்புக் கைப்பை. சப்பாத்தைக் கழற்றமுன்னமே தொடங்கிவிட்டாள்.

“அம்புறோஸ், பாரிசுக்குப் போறீராம். உண்மையோ?”

“ஓம் அக்கா, டிக்கெட் திருப்பேலாதாம்…”

“என்ர தங்கச்சி செத்து இன்னும் ஆண்டு திரும்பேல்ல. நீர் எஃபில் டவரில ஏறி நிண்டு பல்லைக் காட்டிப் படமெடுக்கப் போறீர். சனம் என்ன கதைக்கும்?”

அம்புறோஸ் டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் சலாட் வெட்டுகிறவர். கத்தியைத் தவிர வேறெதையும் வேகமாகப் பாவித்து அறியாதவர். அன்றைக்கு வாய் முந்திவிட்டது.

“எஃபில் டவரோ? ஆர் சொன்னது? நான் லூர்துக்குப் போறன் அக்கா. பாரிசில இறங்கித்தானே லூர்து மாதாட்டைப் போகவேணும்?”

எமிலியானம்மா ஒற்றைச் சப்பாத்தோடு கதிரையில் இருந்தாள்.

“அவளின்ர ஆத்துமத்துக்காகவோ?”

“ஓம்.”

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகை உண்மையானது என்பதால் அம்புறோசுக்கும் அழுகை வந்தது. இரண்டு பேருமாக அழுததில் பொய் நன்றாக இறுகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாதர் ஹென்றி அறிவித்தல்கள் வாசித்தார். ஞானஸ்நான வகுப்பு, மண்டபம் கூட்டுகிற முறை, அதற்குப் பிறகு: “மனைவியைப் பறிகொடுத்த துயரத்திலும் எங்கள் சகோதரர் அம்புறோஸ் லூர்து மாதாவை நாடிப் போகிறார். அவரை முன்மாதிரியாகக் கொள்வோம்.”

கோயில் வாசலில் சனம் போத்தல்களோடு நின்றது. மாதா உருவப் போத்தல், பாணி மருந்துப் போத்தல், இரண்டு லீற்றர் கோலாப் போத்தல். எல்லாருக்கும் வருத்தம் மாற்றுகிற லூர்து ஊற்றுத் தண்ணீர் வேண்டும்.

“என்ர மனுசனுக்குச் சீனி வருத்தம். கொஞ்சம் கூடப் பிடியுங்கோ” என்றாள் கோலாப் போத்தல்காரி.

அம்புறோஸ் போத்தல்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கோயில் சபைத் தலைவர் அல்பேட்டிடம் போனார். அல்பேட் எதையும் நடத்தக்கூடியவர். நத்தார் விழா, பஸ் பயணம், மற்றவர்களின் கலியாணம்.

“அல்பேட் அண்ணை, இப்ப விமானத்தில தண்ணி கொண்டுபோக விடமாட்டாங்கள். கைப்பையில ஒரு துளி கூடாது. ஆக்களிட்டைச் சொல்லிவிடுங்கோ.”

“அதைத்தான் தம்பி நானும் யோசிச்சனான். அப்ப சூட்கேசிலதான் போடவேணும். உம்மட ஒரு சூட்கேசில எத்தினை போத்தல் கொள்ளும்? குழுவாப் போனால் பிரிச்சுப் போடலாம்.”

“குழுவோ?”

“யாத்திரைக் குழு. நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். நான் பொறுப்பு.”

அம்புறோஸ் அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது கணக்குப் பார்த்தார். பாரிசிலிருந்து லூர்து பிரான்சின் மறுகோடியில் இருக்கிறது. போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் செபம். எஃபில் டவர் விமான ஜன்னலால் தெரிந்தால் தெரிந்ததுதான்.

அடுத்த கிழமை மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். அம்புறோஸ் ஆட்களைப் பயப்படுத்திவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு போனார்.

“சரியான கஷ்டமான பயணம். றெயிலில நாள் முழுக்க இருக்கவேணும்.”

“கஷ்டப்பட்டுப் போனாத்தானே பலன்” என்றாள் எமிலியானம்மா. முதல் பெயர் கொடுத்தவளே அவள்தான்.

“அங்க படி கனக்க. வயசுபோன ஆக்களுக்கு ஏலாது.”

“சூசையப்பர் கோயில் படியை முழங்காலால ஏறின ஆக்கள் நாங்கள்!” என்று பாடகர் குழுப் பெண்கள் மூன்று பேர் ஒன்றாகக் கையைத் தூக்கினார்கள். மொன்றியலில் மலைமேல் இருக்கும் அந்தக் கோயிலின் படியைச் சொன்ன பிறகு, இந்த ஊரில் படியைக் காட்டி ஒருவரையும் மிரட்ட முடியாது.

“மே மாதத்திலயும் குளிருமாம்.”

மண்டபம் சிரித்தது. இருபது வருஷம் மொன்றியலில் இருந்த சனத்திடம் அதைச் சொல்லியிருக்கக்கூடாது.

அடுத்ததாக அம்புறோஸ் இரவிச்சந்திரனிடம் ஓடினார். “தம்பி, ஆரும் வந்து கேட்டால் அந்தப் பிளேனில இடம் குறைவெண்டு சொல்லிவிடும்.”

“சரி அண்ணை.”

அவன் சொன்னபடியே சொன்னான். இடம் குறைவாம் என்ற செய்தி பார்க் எக்ஸ்டென்ஷன் மரக்கறிக் கடைவரைக்கும் போனது. பிறகு பார்ப்போம் என்று இருந்தவர்கள்கூட அன்று பின்னேரமே வந்து டிக்கெட் எடுத்தார்கள்.

“நல்ல யோசனை அண்ணை. எனக்கு வந்திருக்காது” என்றான் இரவிச்சந்திரன், நன்றியோடு.

வீட்டுக்கு வந்தால், கீழ்வீட்டுச் சிவநேசம் கதவடியில் நின்றாள். பிலோமினம்மாவோடு பதினைந்து வருஷம் கறியும் கோபமும் பரிமாறியவள். திருநீறு பூசாமல் வெளியே இறங்காதவள்.

“அம்புறோஸ் அண்ணை, நானும் லூர்துக்கு வரட்டோ?”

“நீங்கள் சைவமெல்லோ?”

“ஊரில மடுக் கோயிலுக்குப் போகேக்க மாதா எங்களிட்டைச் சமயம் கேட்டவவே?”

“வாங்கோ” என்றார். அவரோடு சேர்த்து எட்டாக இருந்த குழு ஒன்பதானது.

இனிக் கடவுளிடம்தான் போகவேண்டும் என்று நினைத்தார். சனிக்கிழமை, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டார். பொய்யை இங்கே இறக்கிவைத்தால் பாதர் ஆட்களுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லுவார்.

“பாதர், நான் ஒரு பொய்…”

“அம்புறோசோ? குரல் தெரியுது. நல்ல நேரம் வந்தீர்.” தட்டிக்கு அந்தப் பக்கம் பாதர் ஹென்றியின் குரல் தாழ்ந்தது. “உம்மட விசுவாசத்தைப் பாத்து நானும் ஒரு முடிவெடுத்தனான். ஆன்மீக வழிகாட்டியா நானும் வாறன். ஆயருக்கும் எழுதிப்போட்டன்.”

“ஆயருக்கோ?”

“அவர் உமக்கு ஆசீர் அனுப்பியிருக்கிறார். சரி, நீர் என்ன சொல்ல வந்தனீர்?”

“கோபப்பட்டனான் பாதர்” என்றார் அம்புறோஸ். அந்த நேரத்தில் அது உண்மையாகவும் இருந்தது.

மே மாதம் பதினோராந் திகதி எல்லாரும் விமான நிலையத்தில் கூடினார்கள். அல்பேட் எல்லாருக்கும் நீல நிறத் தொப்பி கொடுத்திருந்தார். முன்பக்கம் மாதா, பின்பக்கம் ‘மொன்றியல்’. பெட்டிகளைப் போட்டு, சோதனை கடந்து, வாசலுக்கு முன்னால் வந்து இருந்தபோது பாதர் ஹென்றி எழும்பினார்.

“புறப்படமுன்னம் ஒரு செபம். அம்புறோஸ், இந்த யாத்திரை உம்மட மனசில பிறந்தது. நீரே தொடங்கும்.”

அம்புறோஸ் எழும்பினார். தொப்பியைக் கழற்றினார். நெற்றியில் கையை வைத்துச் சிலுவை அடையாளம் போடத் தொடங்கியவர் நெஞ்சோடு நின்றுவிட்டார். கண்ணாடிக்கு வெளியே விமானம் நின்றது. பிலோமினம்மா பொலிஸ்காரியோடு இருந்த கண்ணாடியும் இப்படித்தான் இருந்தது.

“பாதர், எனக்கு ஏலாது. நான் லூர்துக்கு வரேல்ல.”

“என்ன?”

“முதல் நாளே பொய் சொன்னனான். அக்காவுக்குப் பயந்து சொன்னது. பிலோமினம் எஃபில் டவர் பாக்க ஆசைப்பட்டவ. நான் அவவுக்காக அதில ஏறவேணும். லூவ்ர், செய்ன் ஆத்து வள்ளம், அந்த வளைவு, எல்லாம் பாக்கவேணும். நாலு நாள்தான் இருக்கு. நீங்கள் லூர்துக்குப் போங்கோ. நான் பாரிசில நிக்கிறன். என்னை மன்னியுங்கோ.”

ஒலிபெருக்கியில் பிரெஞ்சில் யாரையோ கூப்பிட்டார்கள்.

அல்பேட்தான் முதலில் செருமினார்.

“தம்பி, இதில மன்னிக்க என்ன கிடக்கு? பாரிசில நோத்ர்தாமும் மாதா கோயில்தானே. மாதா எங்க இருந்தாலும் மாதாதான். நான்… அதுக்குக் கிட்டவாத்தான் ஹோட்டல் எடுத்தனான்.”

“ஒரு இரவுக்கோ அண்ணை?”

“நாலு இரவுக்கும்” என்றார் அல்பேட், தொப்பியைக் கீழே இழுத்துக்கொண்டு.

பாடகர் குழுப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்தார்கள். “மலை உச்சியில திருஇருதயக் கோயில் ஒண்டு இருக்காம்” என்றாள் ஒருத்தி. “அதுக்குப் போற வழியில கடைத்தெருவும் இருக்காம்” என்றாள் மற்றவள். மூன்றாவது பெண் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள்.

பாதர் ஹென்றி கூரையைப் பார்த்தார். “லூவ்ரில மாதாவின்ர சித்திரங்கள் கனக்கக் கிடக்கு. செமினறியில படிச்ச காலத்தில இருந்து… அதைப் பாக்கிறதும் ஒரு வகைத் தியானம்தான். ஒரு நாள் காணாதெண்டு ஆக்கள் சொல்லுகினம்.”

அம்புறோஸ் பயந்து பயந்து எமிலியானம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் கறுப்புக் கைப்பையைத் திறந்து, விலைச்சீட்டுக்கூட அறுக்காத ஒரு வெயில் கண்ணாடியை எடுத்தாள்.

“என்ன பாக்கிறீர்? ஆத்து வள்ளத்தில வெயில் கண்ணைக் குத்துமாம்.” அதைப் போட்டுக்கொண்டாள். அதற்குப் பின்னால் அழுகிறாளா என்று தெரியவில்லை. “அவள் உமக்கு மட்டுமே பாரிஸ் கதை சொன்னவள்? இருபது வருஷமா ரெலிபோனில எனக்கும் இதே கதைதான். தங்கச்சி செத்த வீட்டுக்காறி நான் வேற என்னெண்டு சொல்லி வெளிக்கிடுறது?”

விமானத்தில் ஏறக் கூப்பிட்டார்கள். எல்லாரும் சட்டென்று கலகலப்பாக எழும்பினார்கள். எஃபில் டவர் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று அல்பேட் கேட்க, பாதர் ஹென்றிக்கு அது சரியாகத் தெரிந்திருந்தது.

கடைசிக் கதிரையில் சிவநேசம் மட்டும் எழும்பாமல் இருந்தாள். நீலத் தொப்பிக்குக் கீழே திருநீறு. கையில் தானே எடுத்து வைத்திருந்த, பாரிசிலிருந்து லூர்துக்குப் போகிற றெயில் டிக்கெட். அவள் அதையும் பார்த்து, அவர்களையும் பார்த்தாள்.

“அப்ப லூர்துக்குப் போறது இந்தச் சைவக்காறி ஒருத்திதானோ?”