அந்தக் கப்பலை மூழ்கடித்துத் தரவும்

சேசு மரி சூசை துணை

பழனிசெட்டிபட்டி
8.3.2003

அன்புள்ள மாப்பிள்ளை ஆண்டனி ராஜ் அவர்களுக்கு, மாமன் இஞ்ஞாசிமுத்து தோத்திரம் சொல்லி எழுதுவது. நீங்களும் என் மகள் ஜெசிந்தாவும் மதுரையில் சுகமாக இருப்பீர்கள். இருங்கள். இங்கே வீட்டைக் கலக்கிவிட்டு அங்கே சுகமாக இருக்க உங்களுக்கு முடிகிறது.

போன ஞாயிறு பேப்பரில் பசிபிக் கடல் சண்டை பற்றி நீங்கள் எழுதியது வந்தது. மாப்பிள்ளை பேர் அச்சில் வந்த பெருமையில் அம்மாவுக்குச் சத்தமாக வாசித்தேன். ஜப்பான்காரன் மூழ்கடித்ததாக ரேடியோவில் சொன்ன பல கப்பல்கள் மூழ்கவே இல்லை, ஒன்றை மூன்று தடவை மூழ்கடித்திருக்கிறான் என்று ஒரு கப்பலின் பேரைப் போட்டீர்களே, அதில் கரி தள்ளப் போனவர்தான் என் அப்பா. ஜெசிந்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? சர்க்கார் ஒரு தந்தியும் தரவில்லை. அந்த ரேடியோவை நம்பித்தான் அம்மா இளவயதிலேயே வெள்ளைச் சேலை கட்டினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மீன் கிடையாது. வைகை அணைக்குப் போனால் ஊரே வறுத்த மீன் தின்னும், நாங்கள் கடலை கொறித்துக்கொண்டு நிற்போம். நீங்களோ கப்பல் பத்திரமாக ஆஸ்திரேலியாவில் கரை சேர்ந்தது என்று எழுதிவிட்டீர்கள்.

அம்மா கேட்டாக: "ஏலே, கப்பலு கரையேறிருச்சுங்கிறான். ஒங்கப்பன் ஏன்டா வீடேறல?" அப்பா படத்திலிருந்த மாலையைக் கழற்றியாச்சு. என்னைத் தேனிக்கு விரட்டிப் பச்சைச் சேலை எடுத்து வரச்சொல்லிக் கட்டியாச்சு. அப்பாவுக்காக வருசாவருசம் வைக்கிற பூசைக்குப் போனால் பங்குச் சாமியார், "ஆத்மாவுக்கா, ஆளுக்கா?" என்று கேட்கிறார். பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாள், "ஆஸ்திரேலியாவுல ஒங்களுக்குத் தம்பி தங்கச்சி இருக்காகளாமே" என்று விசாரிக்கிறாள். கல்லறைத் தோட்டத்தில் அப்பா பேருக்கு நட்ட வெறும் சிலுவைக்குப் பக்கத்தில்தான் அம்மாவுக்கு இடம். இப்போ, "அங்கன பொதைச்சீகன்னா எந்திரிச்சு வந்துருவேன்"கிறாக. மூச்சு வாங்குது, டாக்டர் கையை விரித்துவிட்டார். இந்த ஆங்காரத்தோடயே போயிருவாக போலிருக்கு மாப்பிள்ளை.

ஆகவே வருகிற ஞாயிறே திருத்தம் போட்டு அந்தக் கப்பலை மூழ்கடித்துத் தரவும். ஜப்பான்காரன் மூன்று தடவை மூழ்கடித்ததை நீங்கள் ஒரே ஒரு தடவை மூழ்கடித்தால் உங்கள் படிப்புக்கு என்ன குறைந்துவிடும்?

கோபத்தில் கொடுத்தாலும் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான். தேவமாதா உங்கள் இருவரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
மாமன் இஞ்ஞாசிமுத்து

பி.கு.: உறையை ஒட்டுமுன் அம்மா வாசிக்கச் சொன்னாக, வாசித்தேன். அப்புறம், "மூழ்கடிக்க வேணாம்னு எழுதுடா. ஒங்கப்பன மீனு தின்னுருக்கும்னு நெனச்சு நெனச்சுத்தான் இத்தன வருசம் அழுதேன். எவ வீட்லயாவது சோறு தின்னுட்டே செத்துருக்கட்டும். ஆனா வந்தா வாசப்படி ஏற விட்றாத" என்றாக. ஆகவே கப்பல் அப்படியே இருக்கட்டும். அம்மாவுக்கு மீன் வேணுமாம். அணைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.